பொக்கெற்றுக்குள் இருந்தது பற்றரி இல்லை

தம்பி,

உன் பெட்டிகள் எல்லாம் கீழே முன்னறையில் அடுக்கியாகிவிட்டது. தை பிறந்து கலியாணம் முடிந்ததும் நேரே வெம்பிளியில் உன் புது வீட்டுக்குப் போக வேண்டியவை என்று அம்மா ஒவ்வொன்றிலும் தடித்த பேனையால் எழுதி ஒட்டியிருக்கிறாள். அந்த வேலையை முடித்துவிட்டு மேல்மாடிச் சின்ன அறைக்குள் போய் நின்றுகொண்டு, "இஞ்சேருங்கோ, இந்த மேசையில கிடக்கிற குப்பையளை அவனோட அனுப்புறதோ, இல்லாட்டி கவுன்சில்காரன்ர வாளிக்குள்ள கொட்டுறதோ?" என்று கேட்டாள். ரோச் லைற் குழல்களும் கம்பிச் சுருள்களும் ஈயம் உருக்கும் கோலும் நாங்கள் விட்டபடியே கிடந்தன. அவள் கேட்டது மேசையைப் பற்றி, எனக்கு நினைவில் வந்தது வேறொன்று. நீ மறுபடியும் சிகரட் பத்துகிறாய். நிறுத்து என்று உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு சொல்லில் முடிகிற விஷயத்துக்கு இத்தனை பக்கமா என்று நீ சிரிக்கலாம். சிரி. உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும், ஆறுதலாகவே வாசி. நானும் ஆறுதலாகத்தான் எழுதுகிறேன்.

என் அப்பாவுக்கு முன்னால் நான் ஒருநாளும் பத்தியதில்லை. எனக்குக் கலியாணமாகி நீ பிறந்த பிறகும் அப்படித்தான். அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அவர் வாசல் படலையைத் திறக்கமுன் ஒருதரம் செருமுவார். அந்தச் செருமலுக்குள் என் கையில் இருப்பது வேலிக்கு அப்பால் போய்விட வேண்டும். மரியாதை என்று நாங்கள் சொன்னது இதைத்தான். அவர் என்னை ஒருநாளும் கண்டதில்லை, ஆகையால் ஒருநாளும் கேட்டதில்லை. அவர் போன பிறகு நான் அதை ஒரு நல்ல குணமாகவே நினைத்திருந்தேன். என்ன கண்ணியமான மனுசன், பிள்ளையைக் கூசவைக்காமல் வாழ்ந்தாரே என்று நாலு பேருக்குச் சொல்லியுமிருக்கிறேன்.

நீ யுனிவர்சிற்றிக்குப் போகத் தொடங்கிய நாட்களில் உன் ஜக்கெற்றில் மணம் வந்தது. பெற்றோல் நிலையத்துக் கடையில், முதுகுக்குப் பின்னால் சிகரட் தட்டை வைத்துக்கொண்டு கல்லாவில் நிற்கிற எனக்கா அந்த மணம் தெரியாது. எந்தப் பெட்டி என்றுகூடச் சொல்லியிருப்பேன். ஆனால் அன்று பின்கதவைத் திறக்கமுன் நான் என்ன செய்தேன் தெரியுமா? செருமினேன். யாரும் சொல்லித் தரவில்லை, தொண்டை தானாகச் செருமியது. நீ குப்பை வாளிக்குப் பக்கத்தால் நழுவிப் போனாய். அதற்குப் பிறகு அதுவே எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. உன் அடிக்கட்டைகள் வலப்பக்கத்து உடைந்த பூச்சட்டிக்குள், என்னுடையவை இடப்பக்கத்துப் பால் பேணிக்குள். ஒருவர் சாமானை ஒருவர் தொட்டதில்லை. உன் அம்மா குசினி ஜன்னலால் இந்தக் கூத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய் ஒருநாள் சொன்னாள்: "அப்பனும் மகனும் நல்லாப் பேக்காட்டுறியள். பூனை கண்ணை மூடினா உலகம் இருண்டு போகுமோ?" நான் பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொண்டேன். நீ மாடிக்குப் போய்விட்டாய்.

போன மாரியில் என் இருமல் நிற்கவில்லை. டொக்டர் என் நெஞ்சு எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, இனிமேல் ஒன்றுகூடக் கூடாது என்று முகத்துக்கு நேரே சொன்னார். நான் தலையாட்டிவிட்டு வந்து, பின்கதவைத் திறந்து, செருமிவிட்டு, ஒன்றைப் பத்தினேன். நீ அதைப் பார்த்திருக்கிறாய். பார்த்துவிட்டு என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, உன்னாலும் ஏலாது. தகப்பனைப் பார்த்து "பத்தாதேங்கோ" என்று சொல்வதென்றால் அவர் பத்துகிறார் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பதிலாக ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியை வைத்தாய்.

"என்னடா இது?"

"ஒரு சாமான் அப்பா. நெற்றில கிடைச்சுது. எலக்ரோனிக்ஸ்தான். எப்பிடி வேலை செய்யுதெண்டு பாருங்கோவன்."

சிகரட் என்ற சொல்லை நீ சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஆனால் பெட்டிக்குள் இருந்தது வெள்ளையாய், நீளமாய், சிகரட் மாதிரியே இருந்தது. இழுத்தால் நுனியில் செம்மஞ்சள் வெளிச்சம் வந்தது. வாயால் வந்ததோ, பற்றரிச் சூட்டில் உள்ளே ஒரு திரவம் கொதித்து வந்த ஆவி. நெருப்பும் இல்லை, சாம்பலும் இல்லை. அம்மா வந்து பார்த்துவிட்டு, "நல்லாக் கிடக்கு, சாமியறைக்கு வைப்பம், திரி மிச்சம்" என்றாள். நான் சிரித்துக்கொண்டே இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன். நீ எனக்கு முன்னாலேயே உன் பொக்கெற்றிலிருந்து இன்னொன்றை எடுத்தாய். "இது கொஞ்சம் வேற மாதிரி, சோதிச்சுப் பார்க்கிறன்" என்று சொல்லி நீயும் இழுத்தாய். எங்கள் பரம்பரையிலேயே நடக்காத காரியம் அது. தகப்பனும் மகனும் எதிரெதிரே இருந்து வாயால் ஆவி விட்டார்கள். ஆனால் நாங்கள் பத்தவில்லையே, சோதித்துத்தானே பார்த்தோம்.

அந்தச் சாமானின் பற்றரி ஒரு ஷிப்ட்டுக்குத் தாங்கவில்லை. மத்தியானத்துக்குள் செத்துப்போகும், பிறகு என் கண் பின்னால் இருக்கிற தட்டுக்குத்தான் போகும். இதை உனக்குச் சொல்லவும் எனக்கு ஒரு வழி கிடைத்தது. "தம்பி, இந்தப் பற்றரி சரியில்லை" என்றேன். நீ கம்பியூட்டரில் தேடினாய். எங்களைப் போல விசர் பிடித்த வெள்ளைக்காரர் எத்தனையோ பேர் ரோச் லைற்றின் குழலை அறுத்து, பெரிய பற்றரி வைத்து, தாங்களே செய்கிறார்கள் என்று படங்களோடு காட்டினாய். அடுத்த சனிக்கிழமை இருவரும் சந்தைக்குப் போய் ரோச் லைற் வாங்கினோம். விற்றவன் எவ்வளவு தூரம் வெளிச்சம் அடிக்கும் என்று விளக்கிக்கொண்டிருந்தான். நாங்கள் வெளிச்சத்தை விட்டுவிட்டுக் குழலின் வாய் அகலத்தை விரலால் அளந்துகொண்டு நின்றோம். அவன் எங்களைப் பார்த்த பார்வையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

எனக்கு அந்த வேலையில் ஒன்றும் தெரியாது. வீட்டில் பல்ப் மாற்றுவதற்கே அம்மா உன்னைத்தான் கூப்பிடுவாள். ஈயம் உருக்கும் கோலை முதல்நாளே மேசைவிரிப்பில் வைத்து ஓட்டை போட்டேன். சுருளைத் தலைகீழாகப் பூட்டி வாயைச் சுட்டுக்கொண்டேன். ஆனால் தம்பி, அந்தச் சின்ன அறையில் ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் இருந்தபோது கதைத்த அளவுக்கு நாங்கள் இருவரும் அதற்கு முன்னர் கதைத்ததே இல்லை. கதைத்தது எல்லாம் சாமானைப் பற்றித்தான். எந்தக் கம்பி கெதியாகச் சூடேறும், ஏன் திரவம் ஒழுகுகிறது, சுவிற்சை எங்கே வைத்தால் பெருவிரலுக்கு வாகாக இருக்கும். நீ வேலையிடத்துக் கதையை இடையில் சொன்னதும், உன் மனதுக்குப் பிடித்தவளின் பெயர் முதன்முதல் என் காதில் விழுந்ததும் அங்கேதான். நான் அப்போது கம்பியைப் பல்லால் கடித்துப் பிடித்திருந்தேன், அதனால் "ம்" என்றுதான் சொல்ல முடிந்தது. நல்லதாய்ப் போயிற்று, வாய் சும்மா இருந்திருந்தால் என்னென்ன கேட்டிருப்பேனோ. பால் பேணியும் பூச்சட்டியும் மழைத் தண்ணீர் நிரம்பிக் கிடந்தன. என் இருமல் குறைந்தது. வீட்டில் யாரும் செருமவில்லை.

ஒருநாள் நான் தனிப் பற்றரி ஒன்றைக் கதவுத் திறப்புக் கோர்வையோடு சேர்த்துப் பொக்கெற்றில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். கல்லாவில் நிற்கும்போது தொடை சுட்டது. திறப்பு பற்றரியின் இரண்டு பக்கமும் முட்டி, அது கொதித்து, துணி கருகிவிட்டது. வீட்டுக்கு வந்து சொன்னதும் நீ ஏசிய ஏச்சு எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "அப்பா, பற்றரியைத் திறப்போட போடக்கூடாதெண்டு எத்தினை தரம் சொன்னனான்? உங்களுக்கு விளையாட்டே? நெருப்புப் பிடிச்சா என்ன செய்யிறது?" நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன், உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோசம். என் மகன் எனக்கு ஏசுகிறான், எனக்கு ஏதும் ஆகிவிடும் என்று பயந்து ஏசுகிறான். அந்த உரிமையை நீ பற்றரியை வைத்து எடுத்துக்கொண்டாய். எனக்கு அப்படி ஒன்று எடுத்துக்கொள்ளத் தெரியவில்லை.

பிறகு சித்திரையும் வைகாசியும் வந்தன. இந்த 2009 எங்கள் சனத்துக்கு என்ன செய்தது என்று உனக்கு நான் எழுதத் தேவையில்லை. அம்மா தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு வன்னியில் இருந்த உன் மாமாவின் குரலுக்காகக் காத்திருந்தாள். நீ வேலை முடிந்ததும் வீட்டுக்கு வராமல் லண்டன் பாராளுமன்றத்துக்கு முன்னால் ஆர்ப்பாட்டத்தில் போய் நின்றாய். நானும் ஷிப்ட் இல்லாத நாட்களில் வந்து பெடியளுக்கு நடுவில் நின்றேன். கத்தத் தெரிந்தவர்கள் கத்தினார்கள், எனக்கு அதுவும் சரியாக வரவில்லை. அங்கேதான் ஒருநாள் தூரத்தில் உன்னைக் கண்டேன். பக்கத்தில் நின்றவன் சிகரட் நீட்டினான், நீ வாங்கி உதட்டில் வைத்தாய். முகத்தில் ஒரு உயிர்ப்பும் இல்லை. நான் கூட்டத்துக்குள் பின்வாங்கிவிட்டேன். அந்த நேரத்தில் உன்னிடம் வந்து நுரையீரலைப் பற்றிக் கதைக்க எந்தத் தகப்பனால் முடியும்? மாமாவின் தொலைபேசி இன்றுவரை எடுபடவில்லை. நீயும் இன்றுவரை நிறுத்தவில்லை.

நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். மேசைக்குத் திரும்பிப் போனேன். நீ வராத ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக இருந்து உனக்கென்று ஒன்று செய்தேன். குழலை உள்ளங்கைக்கு அளவாக வெட்டி, ஓரத்தை அராவி, சுவிற்சை உன் பெருவிரல் வருகிற இடத்தில் வைத்தேன். நீ வாங்கிப் பார்த்தாய். "நல்லாயிருக்கு அப்பா, கடைச் சாமான் மாதிரி இருக்கு" என்றாய். மறுநாள் அது மேசையிலேயே கிடந்தது. பற்றரி பெரிதாக இருந்ததால் நீ கொண்டுபோகவில்லையோ என்று சிறிதாக ஒன்று செய்தேன். அதுவும் கிடந்தது. சுருளை மாற்றினேன், திரவத்தை மாற்றினேன். பிழை சாமானில் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் எனக்குக் கை வைக்கத் தெரிந்த இடம் அது ஒன்றுதான். அம்மா வாசலில் நின்று, "அவன் தொட்டும் பார்க்கிறானில்லை, நீங்கள் ஆருக்கு இதுகளைச் செய்யிறியள்?" என்று கேட்டாள். "சும்மா, பொழுதுபோக்கு" என்றேன்.

இனி அந்த ஐப்பசிப் பின்னேரம். நான் ஷிப்ட் முடிந்து நடந்து வருகிறேன். பிளேஸ்டோ ஸ்ரேசன் வாசலில், கம்பி வேலியில் சாய்ந்துகொண்டு நீ நிற்கிறாய், விரலிடுக்கில் புகைகிறது. கண்டதும் நான் செருமினேன். உண்மையாகச் செருமினேன் தம்பி. அந்த நேரம் பார்த்து பஸ் ஒன்று இரைந்துகொண்டு போனதில் உனக்குக் கேட்கவில்லை. நீ திரும்பினாய், நான் உனக்கு முன்னால் நின்றேன். எறிய நேரமில்லை. உன் கை அப்படியே ஜக்கெற் பொக்கெற்றுக்குள் போயிற்று, எரிகிற சிகரட்டோடு.

நான் அந்த இடத்தில் "சரி, வீட்டில சந்திப்பம்" என்று சொல்லிவிட்டு நடந்திருக்க வேண்டும். ஆனால் கால் நகரவில்லை. ஏதாவது சொல்லவேண்டுமே என்று நீ கலியாண மண்டபத்துக் கதையை எடுத்தாய்.

"அப்பா, மண்டபக்காரன் போன் பண்ணினவன். ஓமம் வளர்க்க விடமாட்டானாம்."

"ஏனாம்?"

"புகை போனா அலாரம் அடிக்குமாம். பயர் பிரிகேட் வந்திடுமாம்."

"ஓமம் இல்லாமல் என்ன கலியாணம்? ஐயரைக் கேட்டியோ?"

"ஐயர் சொல்லுறார், சின்னதா, தட்டில வைச்சுச் செய்யலாமாம்."

நீ ஐயர் சொன்னதைச் சொல்லிக்கொண்டிருக்க, உன் பொக்கெற்றின் வாயால் மெல்லியதாகப் புகை எழும்பியது. உன் கண்ணோரம் சுருங்கியது, நெற்றியில் வேர்த்தது. கையை மட்டும் நீ வெளியே எடுக்கவில்லை. என் முன்னால் எடுக்கக்கூடாது என்று. நான் உன் அப்பா என்று. தம்பி, அந்த நேரம் என் வாயில் வந்திருக்கவேண்டிய சொல் ஒன்றே ஒன்றுதான். நீ சின்னப் பிள்ளையாக அடுப்புக்குக் கிட்டப் போனபோது உன்னைப் பிடித்து இழுத்தவன் நான். அன்றைக்கு மட்டும் கை எழும்பவில்லை. என் வாயில் வந்தது இதுதான்:

"தம்பி, பொக்கெற்றுக்க பற்றரி சூடாகுது போல. திறப்போட போட்டிட்டியோ?"

நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். நன்றியா, வெட்கமா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

"ஓம் அப்பா. பற்றரிதான்."

"கவனம், என்ன. நான் பால் வாங்கிக்கொண்டு வாறன். நீ போ."

வீட்டில் பால் இருந்தது. கடைக்குள் போய் ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் நின்று, நீ கையை வெளியே எடுத்து உதறியதையும், வாயில் வைத்து ஊதியதையும் பார்த்தேன். அன்றிரவு உள்ளங்கையில் மருந்து கட்டிக்கொண்டு நீ சாப்பிட உட்கார்ந்தபோது அம்மா பதறிப்போனாள். "பற்றரி சுட்டுப்போட்டுது அம்மா" என்றாய், என்னைப் பார்க்காமல். அவள் என் பக்கம் திரும்பினாள். "உங்கட விளையாட்டுச் சாமான்களால பிள்ளையின்ர கையில சூடு. கலியாணத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கிற நேரத்தில. இனி இந்த வீட்டில ஒரு பற்றரி இருக்கப்படாது, சொல்லிப்போட்டன்." பிஸ்கற் பேணி ஒன்றை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், மேசையில் இருந்த பற்றரிகளையெல்லாம் அள்ளிப் போட்டு மூடினாள். பாவம், அந்தச் சாமான்கள் ஒரு பிழையும் செய்யவில்லை. என்னைச் சிகரட்டை விடவைத்தவை அவைதான். நீ சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாய், நானும் பிசைந்துகொண்டிருந்தேன்.

கலியாணம் கட்டப்போகிற மகனுக்குத் தகப்பன் புத்தி சொல்லவேண்டுமாம். என்னிடம் பெரிதாக இல்லை. மருமகள் நல்ல பிள்ளை, வாய் திறந்து கதைக்கிற பிள்ளை. அவள் ஏதும் கேட்டால் பேப்பரை உயர்த்திப் பிடிக்காதே. உனக்குப் பிள்ளை பிறந்து, அதன் உடுப்பில் ஒருநாள் மணம் வந்தால், கதவைத் திறக்கமுன் செருமாதே. என் அப்பா கண்ணியமானவர் என்றுதான் இத்தனை காலமும் நினைத்தேன். இப்போது நினைக்கிறேன், அவருக்கும் வாய் வரவில்லை. அவர் படலைக்கு வெளியே நின்று என்ன பாடுபட்டாரோ. அவர் கேட்காமல் விட்டதை டொக்டர் படம் பிடித்துக் காட்டினார். உன்னுடைய படத்தை அந்தமாதிரி ஒருவர் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுகிற நாள் வரைக்கும் நான் இருக்கக்கூடாது என்று சில வேளைகளில் நினைக்கிறேன். பிறகு, இருக்கவேண்டும், யார் இருக்கிறார்கள் அவனுக்கு என்றும் நினைக்கிறேன். இரண்டாலும் ஒரு பிரயோசனமும் இல்லை.

உன்னை நிறுத்தவைக்கிற வழி எனக்குத் தெரியாது. நானே டொக்டருக்குத் தலையாட்டிவிட்டு வந்து பத்தியவன், உனக்கு எந்த முகத்தோடு சொல்வேன் என்றும் இருக்கிறது. மேசையை என்ன செய்வது என்று அம்மா இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பேணியைத் திறந்து பற்றரிகளையும், மேசையிலிருந்து உனக்கென்று செய்த இரண்டையும் எடுத்து, துணியில் சுற்றி, வெம்பிளிப் பெட்டி ஒன்றில் உன் சட்டைகளுக்குக் கீழே வைத்திருக்கிறேன். பற்றரிகளைத் தனியாகச் சுற்றியிருக்கிறேன், பயப்படாதே, திறப்பு ஒன்றும் பக்கத்தில் இல்லை. நீ எடுப்பாயோ எடுக்கமாட்டாயோ, அது என் கையில் இல்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கலியாணம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வெஸ்ற் ஹாமில் ரயில் மாறி உன் வீட்டுக்கு வருவேன். வாசலில் செருமமாட்டேன். நீ பின்பக்கம் நின்று பத்திக்கொண்டிருந்தால், கையைப் பொக்கெற்றுக்குள் போடாதே. எறியாதே, மறைக்காதே. என் கண்முன்னாலேயே பிடித்துக்கொண்டு நில். என் அப்பா இருந்திருந்தால் இதைக் கேட்டு நாண்டுகொண்டு செத்திருப்பார். பரவாயில்லை, நான் அந்த மரியாதை போதும் என்று சொல்கிறேன், அது உன் உள்ளங்கையைச் சுட்டுவிட்டது. அன்றைக்கும் எனக்கு வாய் வருமோ தெரியாது. வராவிட்டால் கையை நீட்டுவேன். நீ ஒன்றும் சொல்லவேண்டாம், நானும் சொல்லமாட்டேன். எரிகிறபடியே அதை என் கையில் தந்துவிடு.

அப்பா